தொண்ணூறுகளில் வந்த, டர்போ இல்லாத ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த எக்ஸாஸ்ட் வாங்கலாம்? சத்தமும் வேண்டும், பவரும் கூட வேண்டும்.

தொண்ணூறுகளின் கார் என்று கேள்வியிலேயே போட்டிருக்கிறீர்கள். இந்நேரம் இருபது யூட்யூப் வீடியோவாவது பார்த்து, எது அதிகமாக உறுமுகிறதோ அதைக் குறித்து வைத்திருப்பீர்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். நான் வாங்கினேன்.

என்னுடையது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். புதிதாக இருந்தபோதே 115 குதிரைத்திறன் அளவுதான். அதன் சைலன்சரில் தையல் ஓரமாகத் துரு விழுந்து ஒரு பொத்தல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. பக்கத்தில் போய்விட்டு வந்து நிறுத்துகிற காரில் பைப் முழுதாகச் சூடேறாது. ஆவி சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகத் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். அப்படித்தான் ஆனது. ஒரு வெல்டு வைத்தால் தீர்ந்திருக்கும் விஷயம். எனக்கு வேண்டியிருந்தது ஒரு சாக்கு.

கம்பெனி பெயர் வேண்டாம், வாங்கிய ஆளின் முட்டாள்தனத்துக்கு விற்றவரைக் குறை சொல்லக் கூடாது. இரண்டரை அங்குல ஸ்டெயின்லெஸ் பைப், குழந்தை தலை நுழைகிற மாதிரி வாய், நடுவில் ரெசனேட்டர் (ரீங்காரத்தை அடக்கும் சின்னப் பெட்டி) கிடையாது. மாட்டிய அன்று கீழே படுத்துக்கொண்டே தம்பியை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு வாரம் சொர்க்கம்.

அப்புறம் ஒரு நீண்ட பயணம். ஐந்தாவது கியரில் 3000 ஆர்பிஎம்மில் நிதானமாகப் போகிறோம். பின்னால் யாரோ ஒத்து ஊதிக்கொண்டே வருகிற மாதிரி ஒரே சுருதியில் 'ம்ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். காதில் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் கேட்டது. ஒரு மணி நேரம் பொறுத்தபின் மனைவி சொன்னாள்.

"இதைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"பாட்டையா?"

"பாட்டு எங்கே கேட்குது? காரை."

இதற்கு ட்ரோன் என்று பெயர். பறக்கிற ட்ரோனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 3000 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 100 வெடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதிக்குக் காரின் உள்கூடும் சேர்ந்து அதிரத் தொடங்கினால் போச்சு. வீடியோவில் இது தெரியவே தெரியாது. காருக்கு வெளியே மைக் வைத்து, நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை அமுக்கி எடுத்ததைத்தான் போடுகிறார்கள். நீங்கள் காரில் செலவழிக்கப்போகும் நேரத்தில் முக்கால்வாசி, கால் லேசாக வைத்து ஓட்டுகிற நேரம்தானே?

சரி, இதற்கு ஒரு வைத்தியம் படித்தேன். பிரதான பைப்பிலிருந்து ஒரு கிளை பிரித்து, அதன் கடைசி முனையை அடைத்துவிட வேண்டும். நீளம், ஒலியலையின் நீளத்தில் கால் பங்கு. உள்ளே போன அலை முட்டித் திரும்பி வரும்போது மேடும் பள்ளமும் தலைகீழாகி மூல அலையைக் கொல்லும். பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர் என்று போட்டு, 86 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டு, வெல்டரிடம் கொடுத்துச் செய்து மாட்டினேன். ரீங்காரம் அசையவே இல்லை.

343 என்பது அறை வெப்பத்தில் உள்ள காற்றுக்கு. புகைக்குழாயில் போவது 350 டிகிரி வாயு; அதில் ஒலி விநாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் போகும். அப்படிப் பார்த்தால் 125 சென்டிமீட்டர் வேண்டும். அடைத்த கிளைக்குள் வாயு ஓட்டம் இல்லாததால் கொஞ்சம் ஆறியிருக்கும், ஆகவே அதைவிடச் சற்றுக் குறைவு. மூன்று முறை வெட்டி ஒட்டி, 115 வந்தபோது அடங்கியது. ஒருநாள் முழுக்கக் காருக்கு அடியில் படுத்திருந்தது இந்த 29 சென்டிமீட்டருக்காக.

பவர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் சண்டைக்கு வருவார்கள், தெரியும். மாட்டிய பிறகு கார் பறக்கிற மாதிரிதான் எனக்கும் இருந்தது. சத்தம் கூடினால் வேகமும் கூடியதாக மனசு நம்பிவிடும். நல்லவேளை, பழைய சைலன்சரோடு மூன்றாவது கியரில் 60-லிருந்து 100 வரை போவதை முன்பே ஃபோனில் எடுத்து வைத்திருந்தேன். புதியதோடு அதே ரோட்டில் எடுத்துப் பார்த்தேன். வித்தியாசம், ஃபோன் பிடித்த கை நடுக்கம் அளவு. டைனோவில் (பவரை அளக்கும் இயந்திரம்) ஏற்றிப் பார்த்தாயா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. நான்கைந்து குதிரை கூடியிருக்கலாம், மறுக்கவில்லை. டர்போ (புகையின் விசையால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) உள்ள காரில் பின்பக்கத் தடையைக் குறைத்தால் நன்றாகவே கிடைக்கும். டர்போ இல்லாத இந்த மாதிரிக் கார்களில் கம்பெனிக்காரர்களே பிழிந்து எடுத்துவிடுகிறார்கள். 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000, டர்போ இல்லாமல் 2 லிட்டரில் சுமார் 240 குதிரைத்திறன் கொடுத்தது. அதில் சைலன்சரை மாற்றி என்ன பெரிதாக எடுத்துவிட முடியும்?

'எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக்பிரஷர் வேண்டும்', அதாவது புகை வெளியேறப் பின்னால் கொஞ்சம் தடை வேண்டும் என்பாரும் உண்டு. தடையை எந்த எஞ்சினும் விரும்பாது. அதற்கு வேண்டியது வாயுவின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாக ஓடுகிற வாயு பின்னால் ஒரு உறிஞ்சலை விட்டுப்போகும். வால்வுகள் இரண்டும் திறந்திருக்கிற அந்தக் கண நேரத்தில் அது புதுக் கலவையை உள்ளே இழுக்கும். பைப்பை அளவுக்கு மீறி அகலமாக்கினால் வேகம் செத்து, கீழ் ஆர்பிஎம்மில் கார் மந்தமாகும். தடை குறைந்ததால் மந்தமானது என்று தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஆகவே 1.6, 1.8 லிட்டர் என்றால் இரண்டேகால் அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். ரெசனேட்டர் இருப்பதாகவும், சைலன்சர் பெட்டி நீளமாக இருப்பதாகவும் பாருங்கள். துளைக்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்த வகை என்றால், அந்த இழை ஆண்டுக்கணக்கில் எரிந்து பறந்து சத்தம் ஏறிக்கொண்டே போகும். பிரித்து மறுபடி அடைக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். 304 ஸ்டெயின்லெஸ் நன்றாக உழைக்கும். முடிந்தால் அதே எக்ஸாஸ்ட் மாட்டிய யாருடைய காரிலாவது உட்கார்ந்து அரை மணி நேரம் ஒரே வேகத்தில் போய்ப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை கிடையாது.

பழைய சைலன்சரைத் தூக்கிப் போடாதீர்கள். நான் போடவில்லை, துணி சுற்றி கராஜில் வைத்திருந்தேன். ஊருக்குப் போயிருந்த நேரத்தில் என் மச்சான் 'இடத்தை அடைக்குது' என்று பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அதே கராஜில் அவருடைய ட்ரெட்மில் ஒன்று பெல்ட் அறுந்து ஆறு வருடமாக நிற்கிறது, அது இடத்தை அடைக்கவில்லையாம். கேட்டால் 'அது சரிசெய்ய வேண்டியது' என்கிறார். என் சைலன்சருக்கும் ஒரு வெல்டுதானே வேண்டியிருந்தது? எதற்கு இதை இங்கே சொல்கிறேன் என்று தெரியவில்லை, விடுங்கள்.

மாட்டும்போது கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போடுங்கள். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்கு முன்னால் ஒரு சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். அதனால் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு ஈசியு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) கூடுதலாக ஊற்றும். பழைய நட்டுகளுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். எனக்கு ஒரு ஸ்டட் (நட்டு மாட்டும் திருகுக் கம்பி) முறிந்தது, அது தனிக் கதை.