பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது?

கேள்வி: எனக்கு 66 வயது. ஐந்து மாதத்துக்கு முன் இடது முட்டியில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் சொன்னார் என்று கஷ்டப்பட்டு 5 கிலோ குறைத்தேன். இப்போது 7 கிலோ ஏறிவிட்டது. வலி பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் காலில் பலமே இல்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுகிறேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார். பிசியோதெரபிஸ்ட் ஆறு வாரம் வந்தார், அப்புறம் நிறுத்திவிட்டோம். போதாததற்கு இப்போது வலது முட்டியும் வலிக்கிறது. மகள் வீட்டில் இருக்கிறேன். அவள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறாள். என் கட்டில் பக்கத்தில் ஓர் அழைப்பு மணிகூட மாட்டிவைத்திருக்கிறாள். அதன் பேட்டரிதான் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, இரண்டு முறை மாற்றியாயிற்று. சில சமயம் அழுத்தினாலும் அவள் வர நேரமாகிறது. எடை குறையப் பவுடர், மாத்திரை ஏதாவது சொல்லுங்கள். என் ஆபரேஷன் தோற்றுவிட்டதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஆபரேஷன் தோற்கவில்லை. எக்ஸ்ரே பார்த்தவரே சொல்லிவிட்டார், அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? ‘கவலைப்படாதீர்கள், போகப்போகச் சரியாகிவிடும்’ என்று ஆறுதல் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறது. தானாகச் சரியாகிவிட்டது என்று இதுவரை ஒருவரும் திரும்ப எழுதியதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு வரி. பேட்டரி.

அழைப்பு மணியின் பேட்டரி லேசில் தீராது. வீட்டு வாசலில் மாட்டிய மணிக்குக் கடைசியாக எப்போது பேட்டரி மாற்றினோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. நீங்கள் ஐந்து மாதத்தில் இரண்டு முறை மாற்றியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அழுத்துகிறீர்கள், சகோதரி? எண்ணியிருக்க மாட்டீர்கள். நான் எண்ணிப் பார்க்கிறேன். தண்ணீர் வேண்டும். மூக்குக் கண்ணாடி மேஜையிலேயே இருந்துவிட்டது. மாத்திரை நேரம். ஜன்னலைச் சாத்த வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் திறக்க வேண்டும். ரிமோட் கீழே விழுந்துவிட்டது. போனுக்குச் சார்ஜ் இல்லை. கூட்டிப் பார்த்தால் இருபதாவது வரும்.

அந்த இருபதும் நீங்கள் எழுந்திருக்க வேண்டிய இருபது முறை. நீங்கள் எழவில்லை, உங்கள் மகள் எழுந்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து, நடந்து வந்து, குனிந்து ரிமோட்டை எடுத்து, நிமிர்ந்து, திரும்பப் போய் உட்கார்ந்தாள். பிசியோதெரபிஸ்டை ஆறு வாரத்தில் நிறுத்திவிட்டோம் என்கிறீர்கள். நிறுத்தவில்லை. உங்களுக்கான பயிற்சியை உங்கள் மகள் விடாமல் செய்துகொண்டிருக்கிறாள். பலன் மட்டும் அவள் காலுக்குப் போகிறது.

ஆபரேஷனில் என்ன நடந்தது என்று கொஞ்சம் பாருங்கள். தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சீவி, அவற்றுக்கு உலோகத்தில் உறை போட்டு, நடுவே கெட்டியான பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்தார்கள். நல்ல பொருள்தான், பத்தில் எட்டுக்கு மேல் 25 ஆண்டு தாங்குகின்றன. ஆனால் அந்த மூட்டைத் தூக்கி நிறுத்துவது தொடையின் முன்பக்கத் தசை. அதை யாரும் மாற்றவில்லை. வலிக்குப் பயந்து பல வருடம் அந்தக் காலைக் காப்பாற்றிக் காப்பாற்றி அது முன்பே மெலிந்திருக்கும். ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில், மிச்சமிருந்த பலத்திலும் பாதியோ அதற்கு மேலோ போய்விடும். முட்டிக்குள் வீக்கம் இருக்கும்வரை, அந்தத் தசையை முழு வேகத்தில் இயக்க நரம்பு மண்டலமே விடாது. நீங்கள் இறுக்கு என்று நினைத்தாலும் தொடை அரைமனதாகத்தான் இறுகும். இது எல்லோருக்கும் நடப்பது. எவ்வளவு அருமையாக ஆபரேஷன் செய்திருந்தாலும் நடக்கும். வீக்கம் வடிந்தபின் வேலை கொடுத்தால்தான் பலம் திரும்பும். வேலை கொடுக்காவிட்டால் முதல் மாதத்தில் இருந்த இடத்திலேயே கால் நின்றுவிடும்.

சும்மா படுத்திருப்பது என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், எந்த நோயும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துபோனது. நோயில்லாதவர்களுக்கு, பத்தே நாளில். உங்களுக்கு ஐந்து மாதம்.

அதனால்தான் அந்த 7 கிலோவை நான் 7 கிலோ என்று நம்பவில்லை. தசை இறங்கி, அதற்கு மேல் கொழுப்பு ஏறி, இரண்டையும் கழித்துக் கூட்டி எடை மெஷின் காட்டுகிற எண் அது. உள்ளே இருக்கிற கணக்கு இன்னும் மோசமாக இருக்கலாம். முட்டி சரியானால் எடை தானாக இறங்கும் என்று நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இறங்காது. வலி போன காலை நடக்கவிடாமல் வைத்திருந்தால் எடை எதற்கு இறங்கும்?

வலது முட்டி ஏன் வலிக்கிறது என்று கேட்கவே இல்லை, போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அடுத்த முறை எழும்போது குனிந்து உங்கள் பாதங்களைப் பாருங்கள். இடது பாதம் ஓரடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வலது பாதம் நாற்காலிக்குக் கீழே இழுத்து ஊன்றியிருக்கும். இரண்டு கையும் கைப்பிடியை அழுத்தும். மொத்தப் பாரமும் வலது பக்கம். படியேறும்போதும் வலது கால்தான் முதலில், இடது கால் விருந்தாளி மாதிரி பின்னால் வந்து சேரும். ஆபரேஷன் ஆன புதிதில் அப்படி ஏறச் சொல்லிக்கொடுத்தது சரிதான். ஐந்தாவது மாதத்திலும் அதையே செய்தால், புது முட்டிக்கு விடுமுறை, தேய்கிற முட்டிக்கு இரட்டை வேலை. சமதரையில் நடக்கும்போதே ஒவ்வோர் அடிக்கும் முட்டி தாங்குவது உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு. ஏறின 7 கிலோவை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

சரி, இனி செய்ய வேண்டியது.

கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். தாழ்வாக இருந்தால் கெட்டியான மெத்தை ஒன்று வைத்து உயர்த்திக்கொள்ளலாம். இரண்டு பாதத்தையும் சமமாக வைத்து, முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மூக்கு முட்டிக்கு நேரே வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்து எழுங்கள். உட்காரும்போதுதான் ஏமாற்றுவீர்கள், ‘தொப்’ என்று விழுவீர்கள். அது கூடாது. மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். தொடை நடுங்கும், நடுங்கட்டும். முதலில் கையை ஊன்றி எழலாம், பிறகு ஒரு கை, அப்புறம் கையே வேண்டாம்.

ஒரு நல்ல நாளில், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு, கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டி, 30 வினாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுவரை உள்ள பெண்களுக்கு 11-க்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இன்று நான்கு வரலாம், கையை ஊன்றாமல் ஒன்றுகூட வராமலும் போகலாம். குறித்துவையுங்கள். எடையைத் தினமும் பார்க்காதீர்கள், இந்த எண்ணை வாரம் ஒருமுறை பாருங்கள்.

படி இருக்கிற வீடு என்பது உங்கள் அதிர்ஷ்டம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் மட்டும் இடது காலை வைத்து ஏறி இறங்குங்கள். இடது தொடையால் ஏற வேண்டும், கீழே இருக்கிற வலது பாதத்தால் உந்தக் கூடாது. படுத்திருக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் முழுசாக நீளாமல் வளைந்தே நின்றுவிடும். வைக்க வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். பயிற்சிக்குப் பிறகு கொஞ்சம் வலிப்பதும் வீங்குவதும் சகஜம். மறுநாளும் அது வடியாவிட்டால் அளவைக் குறையுங்கள். விட்டுவிடாதீர்கள். பிசியோதெரபிஸ்டை மறுபடி கூப்பிடுங்கள். ஆறு வாரம் வரைக்கும் மடக்க, நீட்ட, நடக்கத்தான் பெரும்பாலும் பழக்கியிருப்பார். எடை கட்டிச் செய்கிற கடினமான வேலை அதற்கு அப்புறம்தான் வரும், சரியாக அங்கே நிறுத்திவிட்டீர்கள். ஒரு வருடம் வரைக்கும்கூட பலம் ஏறிக்கொண்டே போகும், அதனால் காலம் கடந்துவிடவில்லை. வலி நாளுக்கு நாள் கூடினாலோ, முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பவுடர் கேட்டீர்கள். சொல்ல மாட்டேன். பட்டினி கிடந்தோ பவுடரைக் கரைத்துக் குடித்தோ மளமளவென்று குறைக்கிற எடையில் தசையும் சேர்ந்தே போகும். உங்களிடம் இழக்கத் தசை இல்லை. மாத்திரையும் ஊசியும் உங்களைப் பரிசோதித்த டாக்டர் தர வேண்டியவை, பத்திரிகையில் எழுதுகிறவள் தரக் கூடாது. தட்டில் மாவுச்சத்தையும் எண்ணெயையும் குறையுங்கள், புரதத்தைக் குறைக்காதீர்கள். இந்த வயதில் உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், 1.2 கிராம் வரை தினமும் வேண்டும். ஒரே வேளையில் கொட்டிக்கொள்ளாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு. மாதம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ இறங்கினால் போதும். ஆபரேஷனுக்கு முன்னால், வலிக்கிற காலோடு 5 கிலோ குறைத்தவர் நீங்கள். வலி போனபின் முடியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

இனி மகள். ‘சில சமயம் அழுத்தினாலும் வர நேரமாகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மணி அடித்திருக்கும், அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்டுவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருப்பாள்.

பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ‘அவரவர் வாழ்க்கை அவரவருக்கு’ என்று எழுதுகிறவர்களோடு நான் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறவள். நீங்கள் வாக்கரோடு வீட்டுக்கு வந்த நாட்களில் அவள் ஓடி ஓடிச் செய்தது தர்மம். ஆனால் வாங்கிக்கொள்கிறவருக்கும் ஒரு கடமை உண்டு: தேவை முடிந்த அன்றைக்கே ‘போதும்’ என்று சொல்வது. அதை மகள் சொல்ல முடியாது. சொன்னால் ஊரும் உறவும் மட்டுமில்லை, அவள் மனசாட்சியே அவளைத் திட்டும். நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு முன்பே.

இந்தப் பக்கத்தை அவளும் படிக்கட்டும். மகளே, உன்மீதும் எனக்குக் கோபம் உண்டு. தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுப்பது சுலபம். அம்மா நாற்காலியில் தட்டுத்தடுமாறி, மூன்றாவது தடவை முயன்று எழுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்பதுதான் கஷ்டம். சுலபமானதைச் செய்துகொண்டு அதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறாய்.

என் அக்காவுக்கு இரண்டு முட்டியும் மாற்றினார்கள். வீட்டில் மூன்று பேர் சேர்ந்து தாங்கு தாங்கென்று தாங்கினோம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அவளால் நடக்க முடியும், எழ முடியாது. யாராவது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டால் வீடு முழுக்க நடப்பாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டு அடுத்த கைக்காகக் காத்திருப்பாள். தாங்கிய மூவரில் நானும் ஒருத்தி. நான் கத்துவதற்குக் காரணம் அதுதான்.

நாளையிலிருந்து தண்ணீர் பாட்டில் சமையலறையில் இருக்கட்டும், சின்ன டம்ளரில் குடியுங்கள், அடிக்கடி போக வேண்டிவரும். மாத்திரைப் பெட்டி வேறு அறையில். ரிமோட் டிவிக்குப் பக்கத்தில். வழியில் கிடக்கிற கால்மிதி, ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், அது மகளின் வேலை. அந்த மணியைத் தூக்கியெறிய வேண்டாம். கட்டில் பக்கத்திலிருந்து கழற்றிக் குளியலறையில், தரையில் விழுந்து கிடந்தாலும் கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். விழுந்தால் மட்டும் அழுத்துங்கள். அங்கே மாட்டினால் பேட்டரியும் நெடுநாள் வரும்.