இளநிலைப் படிப்பிலேயே ஒலியியல் ஆய்வில் ஈடுபட முடியுமா?

கிருஷ்ணகிரியில் இயற்பியல் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கும் நீங்கள், ஒலியியலிலும் செவியறிவியலிலும் இப்போதே ஈடுபட வழியுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, தொடங்க வேண்டிய இடமும் அருகிலேயே இருக்கிறது. கிரானைட் அறுக்கும் பட்டறையில், உரிமையாளரின் அனுமதியோடு, வாள் வெறுமனே சுழலும்போதும் கல்லில் இறங்கும்போதும் எழும் ஒலியை ஒலியளவுமானியால் டெசிபலில் குறித்து, அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் நல்லதொரு செயல்திட்டம் கிடைக்கும். (கைபேசிச் செயலி பழகிப் பார்க்க உதவும், அறிக்கைக்கு உதவாது.) இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு பெரும்பாலும் உயர் அதிர்வெண்ணான 4000 ஹெர்ட்ஸ் அருகே முதலில் தலைகாட்டுவதால், எதிரில் இருப்பவர் பேசுவது கேட்டுக்கொண்டிருக்கும் காலம்வரை தொழிலாளி அந்த இழப்பை உணர்வதில்லை. கோடை விடுமுறைக்கு, இந்தியாவின் அறிவியல் அகாதமிகள் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். செவிப் பரிசோதனையில்தான் நாட்டம் என்றால், 1965இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.