‘இந்த வயதில் படிப்பா?’ – கேள்வி பதில்

கே: அரசுத் துறையில் அலுவலக உதவியாளராக இருக்கிறேன், வயது 38. பத்தாம் வகுப்பு கணக்கில் ஃபெயில் ஆனதோடு படிப்பு நின்றது. இளநிலை உதவியாளர் ஆக வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக டிகிரி சேர்த்துவிடுகிறோம் என்கிறார்கள். சேரலாமா? (வாசகர், திண்டுக்கல்)

ப: பணம் கட்டிவிடாதீர்கள். பத்தும் பிளஸ் டூவும் முடிக்காமல் வாங்கும் திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009-லேயே அரசாணை (எண் 107) வந்துவிட்டது. நீங்கள் விரும்பும் பதவிக்குக் கேட்பது பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். விட்ட கணக்கைத் தனித்தேர்வராக எழுதுங்கள். பரணில் இருக்கும் பழைய புத்தகம் உதவாது, 2019-ல் பாடநூல் மாறிவிட்டது. தேவை 35 மதிப்பெண். வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8. ஸ்கேலும் காம்பஸும் கைக்குப் பழகினால் 16 வந்துவிடும். பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ராத்திரி ஒரு மணி நேரம், அதுவும் பிள்ளையின் ஜியோமெட்ரி பாக்ஸிலேயே!

கே: மெக்கானிக்கல் டிப்ளமோ, 14 வருட அனுபவம். நான் வேலை கற்றுக்கொடுத்த பையன் பி.இ. என்பதால் எனக்கு மேலதிகாரி ஆகிவிட்டான். அஞ்சல் வழியில் பி.இ. முடிக்கலாமா? (வாசகர், கோவை)

ப: அந்த வலி புரிகிறது. என்னிடம் வரும் டிப்ளமோக்காரர்களில் பாதிப் பேர் சொல்வது இதே கதைதான். ஆனால் அஞ்சல் வழி பொறியியல் வேண்டவே வேண்டாம். தொழில்நுட்பப் படிப்பை அப்படி நடத்தக் கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்கள் ஊரிலேயே சி.ஐ.டி., பி.எஸ்.ஜி. போன்ற கல்லூரிகள் டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்கு மாலை நேர பி.இ. நடத்தி வந்திருக்கின்றன. இந்த ஆண்டு உங்கள் பிரிவு உண்டா என்று விசாரியுங்கள். கட்டணத்தைவிடப் பெரிய சிக்கல் ஷிஃப்ட். இரண்டாம் ஷிஃப்ட் போட்டால் வகுப்பு போச்சு. சேரும் முன்பே பகல் ஷிஃப்டுக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பல் விளக்கும் பிரஷ்ஷால் நகக்கண் கிரீஸைத் தேய்த்துவிட்டு வகுப்புக்கு ஓடுபவர்கள், எட்டு மணிக்குக் கணக்கு வகுப்பில் தூங்கி விழுவார்கள். கூச்சப்பட வேண்டாம், பக்கத்து பெஞ்சும் தூங்கும்.

கே: வயது 61. தபாலில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தால் ‘எதுக்குமா?’ என்று மகன் சிரிக்கிறான். (வாசகி, மதுரை)

ப: சிரிக்கட்டும். சேரும் முன், அந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பல்கலைக்கழகத்தின் பெயர் போதாது. அப்புறம், இன்றிலிருந்து பேனாவில் எழுதிப் பழகுங்கள். செல்போனில் தட்டிய விரல்களுக்கு மூன்று மணி நேரப் பரீட்சையில் இரண்டாவது மணியிலேயே கட்டைவிரல் இழுத்துக்கொள்ளும். பாடம் மறந்து இழந்ததைவிட, கை வலித்து இழந்த மதிப்பெண்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கே: ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்கலாமா? (வாசகர், ஓசூர்)

ப: 2022-லிருந்து யு.ஜி.சி. அனுமதிக்கிறது. வேலைக்கும் போகிறீர்கள் என்றால், ஒன்றை முடித்துவிட்டு அடுத்த கேள்வியை அனுப்புங்கள்.