மலை ஏறும்போது கார் ஹீட் ஆகிறது. ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனி சுவிட்ச் போட்டால் சுவிட்சே உருகுகிறது. வயரிங்கைச் சரியாகச் செய்வது எப்படி?

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பர்லியார் தாண்டுவதற்குள் முள் மேலே போய்விடுகிறது, ஃபேன் தானாக ஓடுவதில்லை, மெக்கானிக் டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் போட்டுக் கொடுத்தார், அது சூடாகி உருகுகிறது, சில நேரம் ஃபியூஸும் போகிறது. இதுதானே உங்கள் கேள்வி? நான் கோத்தகிரிக்காரன், என்னிடமும் இதே வண்டிதான், ஃபேனுக்குத் தனி சுவிட்சும் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சுவிட்ச் உருகுவதில் ஆச்சரியமே இல்லை. பேட்டரியிலிருந்து ஒரு வயரை உள்ளே இழுத்து, சுவிட்சில் கொடுத்து, மறுபடி முன்னால் மோட்டாருக்குக் கொண்டு போயிருப்பார். சின்ன கார் ஃபேன் மோட்டார் ஓடும்போது சுமார் 7 முதல் 10 ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அத்தனையும் அந்தக் குட்டி சுவிட்சின் உள்ளே இருக்கும் தகடு வழியாகத்தான் போக வேண்டும். அது வீட்டுக்குப் போடுகிற சுவிட்ச் என்றால் இன்னும் மோசம். 6 ஆம்பியர் என்று அதில் போட்டிருப்பது ஏசி கரண்டுக்கு. பேட்டரியின் டிசியில் சுவிட்சை அணைக்கும்போது வரும் தீப்பொறி லேசில் அடங்காது, ஒவ்வொரு தடவையும் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். தகடு கருகக் கருக தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், அப்புறம் பிளாஸ்டிக் இளகும்.

ஆகவே மோட்டாரின் கரண்ட் உங்கள் விரலுக்குக் கீழே வரவே கூடாது. நடுவில் ஒரு ரிலே வேண்டும், அதாவது சின்ன கரண்டைக் கொடுத்தால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் மின்காந்த சுவிட்ச். ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் 12 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே, அதன் சாக்கெட்டோடு கேளுங்கள். பின்களுக்கு மேலேயே எண் போட்டிருக்கும். 30-ல் பேட்டரி பிளஸ், ஆனால் நேராக இல்லை, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைத்து, 20 ஆம்பியரில் ஆரம்பியுங்கள். 87-லிருந்து மோட்டாரின் பிளஸ். இந்த இரண்டுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத வயர். 86-ல் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைன் ஒன்று, அது ஏற்கனவே ஃபியூஸ் உள்ள லைனாக இருக்கட்டும். 85-ஐ எர்த் செய்தால், அதாவது வண்டியின் பாடி வழியாக பேட்டரி மைனஸோடு இணைத்தால், ரிலே 'டிக்' என்று இழுக்கும். அந்த எர்த்தைக் கொடுக்கும் வேலைதான் டாஷ்போர்டு சுவிட்சுக்கு. ரிலே காயில் எடுப்பது ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது, மெல்லிய வயரும் எந்த சுவிட்சும் போதும். ஐந்து பின் ரிலே கிடைத்தால் நடுவில் இருக்கும் 87ஏ-வைத் தொட வேண்டாம், அதில் கொடுத்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும். கை வைக்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஃபேன் இன்ஜின் நின்றிருக்கும்போதும் சுற்றக்கூடியது.

இப்போது முக்கியமான சங்கதி. தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஃபேனைத் தானாகப் போடும் தெர்மோ சுவிட்சை வெட்டி எறிய வேண்டாம். சூடானதும் எர்த் கொடுப்பதுதான் அதன் வேலையும். அதன் வயரையும் உங்கள் சுவிட்ச் வயரையும் ஒரே 85-ல் சேர்த்துவிட்டால் இரண்டில் எது எர்த் கொடுத்தாலும் ஃபேன் ஓடும். நீங்கள் மறந்தாலும் அது பார்த்துக்கொள்ளும், அது செத்தாலும் நீங்கள் இருக்கிறீர்கள். சில பழைய வண்டிகளில் ரிலேயே இருக்காது, தெர்மோ சுவிட்ச் நேராக மோட்டாருக்கே எர்த் கொடுக்கும். உங்களுடையது அப்படி என்றால் மோட்டாரின் மைனஸைப் பாடிக்குக் கொடுத்துவிட்டு, தெர்மோ சுவிட்ச் வயரை 85-க்கு மாற்றுங்கள். டாஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு வைப்பதாக இருந்தால் அதை 87-லிருந்து எடுங்கள், சுவிட்சிலிருந்து எடுக்காதீர்கள். மோட்டாருக்குக் கரண்ட் போகிறதா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

இதையெல்லாம் செய்யும் முன் ஃபேன் ஏன் தானாக ஓடவில்லை என்று ஐந்து நிமிடம் பாருங்கள். சாவியைப் போட்டு, தெர்மோ சுவிட்சின் சாக்கெட்டைக் கழற்றி, இரண்டு பின் இருந்தால் ஒரு வயர்த்துண்டால் இணையுங்கள், ஒற்றைப் பின் என்றால் பாடியில் தொடுங்கள். ஃபேன் ஓடினால் தெர்மோ சுவிட்ச்தான் போயிருக்கிறது, அதை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். ஓடாவிட்டால் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் ஓடாமல், மோட்டாரின் முதுகில் லேசாகத் தட்டினால் மட்டும் கிளம்புகிறதா, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. கையால் சுற்றினால் இறுக்கமாக இருக்கிறதா, பியரிங் அல்லது புஷ் போயிருக்கிறது, ஃபியூஸ் போவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சுற்ற முடியாமல் திணறும் மோட்டார் கரண்டைத் தாறுமாறாக இழுக்கும், அதற்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் போடுவது வைத்தியம் இல்லை, வயரில் தீ வைப்பதற்கு ஏற்பாடு.

ரிலே 'டிக்' என்கிறது, ஃபேன் மட்டும் சோம்பலாக ஓடுகிறது என்றால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையும் பனிமூட்டமும் சேர்ந்து, முறுக்கி டேப் ஒட்டிய இணைப்புகளில் பச்சை பூத்துவிடும், பாடியில் திருகிய எர்த்துக்கு அடியில் துரு பிடித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை மோட்டாரின் மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட் காட்டினால் அந்த ஒரு வோல்ட்டும் உங்கள் எர்த்திலேயே வீணாகிறது. பெயிண்டைப் பளபளவென்று சுரண்டி, வயர் முனையில் லக் (வளைய டெர்மினல்) அழுத்திப் பொருத்தி, போல்ட் போட்டு, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பிளஸ் பக்கமும் இதே மாதிரி பேட்டரி பிளஸுக்கும் மோட்டார் பிளஸுக்கும் நடுவே அளக்கலாம், அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஏதோ ஒரு இணைப்பு லூஸ். ரிலேயை பின்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் உள்ளே தேங்காது.

இன்னொரு வேடிக்கை. பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் வரும், விளக்கு எரியும், வண்டி மட்டும் முன்னைவிட சூடாகும், காரணம் எதிரே வரும் காற்றை அது தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு தாளை ரேடியேட்டருக்கு முன்பக்கம் பிடியுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் என்றால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஃபேன் சரியான பிறகும் முள் ஏறினால் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள், ஆறிய பிறகு. மலையில் இது முக்கியம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், அந்த உயரத்தில் மூடாத பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் நன்றாக இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, கொதிநிலை இன்னும் 20 டிகிரி போல மேலே போகும். ரப்பர் வெடித்திருந்தால் அந்த லாபம் போச்சு. தெர்மோ சுவிட்சுகள் பெரும்பாலும் 90-க்கும் 100-க்கும் நடுவில்தான் ஃபேனைப் போடும், அதாவது ஃபேன் யோசிக்கும் நேரத்தில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்திருக்கும். கீழே மேட்டுப்பாளையத்தில் தெரியாத கோளாறு மேலே வந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். கூலண்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள், வெறும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடச் சொல்லும் மெக்கானிக்கிடம் தயவுசெய்து தலையாட்டாதீர்கள். ஊட்டிக் குளிரில் வால்வு இல்லாத இன்ஜின் சூடேறவே ஏறாது, பெட்ரோல்தான் வீணாகும்.

ஏறும்போது ஃபேன் சுவிட்சை எப்படிப் பயன்படுத்துவது? கல்லாறு தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் போட்டுவிடுங்கள், முள் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது எதிர்க்காற்று கிடைக்காது, மே மாத சீசன் நெரிசலில் சுத்தமாகக் கிடைக்காது. பர்லியாரில் மங்குஸ்தான் வாங்க நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்பாமல் ஃபேனோடு இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். இறங்கும்போது தேவையில்லை.

இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால்: உங்கள் ஃபேனை இசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கட்டுப்படுத்துகிறது, இதை அப்படியே செய்யாதீர்கள். பல வண்டிகளில் ஏசியைப் போட்டாலே ஃபேன் ஓடும், நெரிசலில் நிற்கும்போது அவசரத்துக்கு அது போதும்.

எர்த்தில் எத்தனை வோல்ட் வருகிறது, மூடி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள், அதை வைத்து மேலே பார்க்கலாம்.