மனையை விற்காதீர்கள், தத்தாமி கடைக்குப் போய்ப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை தோக்கியோவின் நிஷிகசாயிலிருந்து ஒரு தம்பதி மகனைப் பற்றி யோசனை கேட்டு போனில் பேசினார்கள். அப்பா ஐடி வேலை. அம்மாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். ஐந்து வயதில் அங்கே போன பையனுக்கு இப்போது 17, ஜப்பானிய அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்பு. "சார், கோடை லீவுல பக்கத்துத் தெரு தத்தாமி கடைக்கு எடுபிடி வேலைக்குப் போனான். இப்ப அதையே தொழிலா எடுக்கப்போறேன்னு நிக்கிறான். பாய் பின்றதுக்கா நாங்க கடல் தாண்டி வந்தோம்?" என்றார் அப்பா. (தத்தாமி என்பது ஜப்பானிய வீடுகளில் அறைத் தரை முழுக்கப் பதிக்கும் கனமான பாய்.) சென்னையில் இருக்கும் பெரியப்பா என்ஆர்ஐ கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டாராம். பணத்துக்கு ஊர் மனையை விற்பதாக ஏற்பாடு.

இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான், மாறிவிடுவான் என்று அன்றைக்கு ஆறுதல் சொல்லி போனை வைத்தேன். மறுநாள் பையனிடம் தனியாகப் பேசிய பிறகு அந்த ஆறுதலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவன் மாற மாட்டான். மாற வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

முதலில் மனை. அதை விற்காதீர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஜப்பானிய மொழியில் படித்த பையனை, அவன் கேட்காத பாடத்தில், அவனுக்குப் பழக்கமில்லாத ஊரில், இருப்பதிலேயே அதிகக் கட்டணம் வாங்கும் கோட்டாவில் சேர்க்கப் பார்க்கிறீர்கள். கோடிங் பிடிக்குமா என்று கேட்டேன். "அது அப்பாவோட வேலை" என்றான். பெரியப்பா நல்லவராகவே இருக்கட்டும், நான்கு வருடம் ஃபீஸ் கட்டப்போவது அவர் இல்லை. பட்டம்தான் வேண்டுமென்றால் ஜப்பானின் தேசியப் பல்கலைக்கழகங்களில் அடிப்படைக் கட்டணமே வருடத்துக்கு 5,35,800 யென்தான். அந்த வழியெல்லாம் உங்களுக்கே அத்துப்படி, அதற்கு நான் தேவையில்லை.

சரி, தத்தாமிக்கு வருவோம். பாய் பின்னும் வேலை என்றீர்கள். இல்லை. பின்னுவது, அதாவது தறியில் நெய்வது, பெரும்பாலும் புல்லை விளைவித்த விவசாயியே. குமாமோட்டோ மாநிலத்தின் யாட்சுஷிரோ பகுதியில்தான் ஜப்பானின் இகுசா புல் ஏறக்குறைய முழுவதும் விளைகிறது. குளிர்காலத் தொடக்கத்தில் நட்டு, ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் அறுத்து, சேற்று நீரில் முக்கிக் காயவைப்பார்கள். நிறமும் மணமும் நிற்பது அந்தச் சேற்றால்தான். அம்மாவுக்குப் பத்தமடைப் பாய் தெரிந்திருக்கும். நம் கோரையைக் கீறிப் பிளந்து நெய்கிறோம். இகுசாவைப் பிளப்பதில்லை, முழுத் தண்டாகவே நெய்வார்கள். தண்டுக்குள்ளே பஞ்சு மாதிரி சோறு இருக்கும். அதை உருவி ஒரு காலத்தில் விளக்குத் திரியாக எரித்திருக்கிறார்கள். ஒரு தத்தாமியின் மேற்பாய்க்கு 4,000 தண்டுக்குக் குறையாமல் போகும், நல்ல ரகம் என்றால் இன்னும் கூடுதல்.

கடைக்காரரின் வேலை அதற்குப் பிறகு. வைக்கோலை அடுக்கடுக்காகப் போட்டு அழுத்தி, ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் உயரத்தை 5 சென்டிமீட்டர் மெத்தையாக்கியது தொகோ. அதன்மேல் இழுத்துப் போர்த்தும் நெய்த பாய் ஒமொத்தே. நீள ஓரங்களில் வரும் துணிக்கரை ஹெரி. மூன்றையும் அளந்து, வெட்டி, தைத்து, ஒரு அறைக்குள் இடைவெளியில்லாமல் உட்கார வைப்பவர்தான் தத்தாமி கைவினைஞர். நாம் பாயைச் சுருட்டி எந்த மூலையிலும் விரிக்கலாம். இங்கே அது நடக்காது. எந்த அறையும் சரியான சதுரம் இல்லை, ஒவ்வொரு சுவரும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு தத்தாமியும் அந்த அறையின் அந்த ஓர் இடத்துக்கென்றே வெட்டப்பட்டது. கியோட்டோ அளவு 191க்கு 95.5 சென்டிமீட்டர், தோக்கியோ அளவு 176க்கு 88 என்பதெல்லாம் பேச்சுக்கு. கடைசியில் அந்தச் சுவர் சொல்வதுதான் அளவு.

உங்கள் பையனை இழுத்தது இந்த அளவெடுக்கும் வேலைதான். கோவில்களுக்கும் தேநீர் அறைகளுக்கும் போகும் தத்தாமியைப் பற்றி அரைமணி நேரம் பேசினான். வெள்ளைத் துணியில் கறுப்பு வட்டச் சின்னங்கள் வரிசையாக வரும் ஒரு கரை இருக்கிறது, பெயர் கொரைபெரி. (நம் கோரை இல்லை, கொரியாவின் பழைய பெயரிலிருந்து வந்தது.) இரண்டு தத்தாமி சேரும் இடத்தில் இந்தப் பக்கத்து வட்டமும் அந்தப் பக்கத்து வட்டமும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அறை கோணலாக இருந்தாலும் நிற்க வேண்டும். கடை மூடிய பிறகு பழைய தத்தாமி ஒன்றில் தையல் பழகியிருக்கிறான். ஊசியைக் குத்தி நூலை இழுக்கும்போது முழங்கையைத் தையல்மேல் ஊன்றித்தான் இறுக்க முடியும். அவன் முழங்கை சிவந்திருப்பதைப் பார்த்து ஏதோ அலர்ஜி என்று அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாராம்!

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிய அடுக்குமாடிகளில் தத்தாமி அறையே இல்லாத வீடுகள் ஏராளம். சீனாவிலிருந்து விலை குறைந்த ஒமொத்தே வந்து குவிகிறது, காகித நாரிலும் பிளாஸ்டிக்கிலும் செய்ததும் வந்துவிட்டது. 2020 டிசம்பரில் ஜப்பானின் மரக் கட்டடங்களைப் பேணும் 17 கைத்திறன்களை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது தத்தாமி செய்வதும் அதில் இருந்தது. ஆனால் பட்டியல் யாருக்கும் சம்பளம் தராது. அப்புறம் எடை. வைக்கோல் தத்தாமி ஒன்று 30 கிலோ வரும், லிஃப்ட் இல்லாத மாடிக்கும் தூக்கிப் போக வேண்டும். முதல் சில வருடம் சம்பளம் சொற்பம்தான்.

பிறகு எதற்கு இவ்வளவு சொல்கிறேன்? இருக்கிற தத்தாமிக்கெல்லாம் சில வருடத்துக்கு ஒரு முறை மேற்பாயைத் திருப்பிப் போட வேண்டும், பிறகு மாற்ற வேண்டும். செய்யும் கைகளோ பெரும்பாலும் வயதான கைகள், வாரிசு இல்லாத கடைகள் நிறைய. ஜப்பானிய மொழி தண்ணீராக ஓடும், வேலையிலும் ஆசையுள்ள 17 வயதுப் பையன் அவர்களுக்குக் கிடைப்பது அபூர்வம். கற்பதற்கு நீங்கள் லட்சங்களைக் கொட்ட வேண்டியதுமில்லை. கடையில் சேர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டே தத்தாமிக்கென்று இருக்கும் பயிற்சிப் பள்ளிக்குப் போகலாம், கியோட்டோவில் அப்படி ஒன்று உண்டு. அரசு நடத்தும் திறன் தேர்வும் இருக்கிறது. இரண்டாம் நிலைக்கு 2 ஆண்டு அனுபவம் போதும், முதல் நிலைக்கு சாதாரணமாக 7 ஆண்டு கேட்பார்கள்.

உங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிட்டதால் விசா சிக்கல் இல்லை. இதைப் படிக்கும் மற்ற பெற்றோர் கவனிக்கவும்: பிள்ளை குடும்ப விசாவில் இருந்தால் அனுமதி வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்ய முடியும். முழுநேர வேலைக்கு வேறு விசா வேண்டும், முதலில் குடிவரவு அலுவலகத்தில் கேளுங்கள்.

பையனிடமும் கறாராகச் சொல்லிவிட்டேன். மேல்நிலைப் படிப்பை முடிக்காமல் கடைக்குப் போகக் கூடாது. ஐந்து வருடத்துக்குச் சொந்தக் கடை, தையல் மெஷின் என்று வீட்டில் ஒரு யென் கேட்கக் கூடாது. அவன் கேட்டாலும் நீங்கள் கொடுக்காதீர்கள்.

புத்தாண்டுக்குள் வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் அதிகம் என்பதால் டிசம்பரில் கடையில் வேலை தலைக்குமேல் இருக்கும். குளிர்கால விடுமுறையில் அவனை அங்கே விடுங்கள். ஒரு நாள் நீங்களும் கூடப் போய், ஒரே ஒரு தத்தாமியை மூன்றாவது மாடிக்குத் தூக்கிப் பாருங்கள் சார். கடைக்காரரிடம் பையனைப் பற்றிக் கேட்டுவிட்டு எனக்கு போன் செய்யுங்கள். ஓட்டையில்லாத காலுறை போட்டுக்கொண்டு போங்கள், வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொல்வார்கள்.