விக்கா: எங்கே தொடங்குவது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். தக்கலை பக்கத்திலிருந்து எழுதுகிறேன். டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ஓராண்டாக விக்கா, பேகனிசம் பற்றிய வீடியோக்களைப் பார்க்கிறேன். நிலவு, பெண்தெய்வம், இயற்கை என்று எல்லாமே ஈர்க்கிறது. ஆனால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார். கத்தி, கோப்பை, கற்கள் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி நாலாயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா? எங்கள் ஊர் இசக்கியம்மனும் இதுவும் ஒன்றுதானா? அக்டோபர் 31 'சாவின்' (Samhain) திருநாள் என்கிறார்களே, இங்கே கொண்டாடலாமா? அம்மா ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர். எப்படித் தொடங்குவது என்று சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெட்டியை வாங்கவேண்டாம். முதல் ஆறு மாதத்துக்கு ஒரு நோட்டும் இரண்டு புத்தகங்களும் போதும்.

நீங்கள் பார்க்கும் வீடியோக்கள் மூன்று வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகின்றன. பேகனிசம் என்பது ஐரோப்பாவின் பழைய தெய்வங்களையும் இயற்கையையும் தழுவிய பல மதங்களுக்கான பொதுப்பெயர். ஐஸ்லாந்தில் 1973ல் அரசு அங்கீகாரம் பெற்ற ஆசாத்ரு, பிரிட்டனின் ட்ரூயிட் குழுக்கள், லிதுவேனியாவின் ரோமுவா எல்லாம் அதற்குள் வரும். விக்கா அதில் ஒரு மதம். விட்ச்கிராஃப்ட், அதாவது சூனியக்கலை, ஒரு செயல்முறை. மதமே இல்லாதவர்களும் அதைச் செய்கிறார்கள். வீடியோக்காரர் இவற்றில் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று முதலில் பிரித்துக்கொண்டால் பாதி முரண்பாடு தீர்ந்துவிடும்.

விக்காவை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர் (1884–1964). இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, பிறகு மலேயாவில் சுங்க அதிகாரியாக இருந்து, 1936ல் ஓய்வுபெற்றவர். இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951ல் நீக்கப்பட்டது. 1954ல் அவருடைய 'விட்ச்கிராஃப்ட் டுடே' வெளிவந்தது. கிறிஸ்தவத்துக்கு முந்தைய மதம் ஒன்று ரகசியமாகத் தொடர்ந்து வந்ததாகவும், அதன் எஞ்சிய குழுவொன்று தன்னைச் சேர்த்துக்கொண்டதாகவும் அவர் சொன்னார். எகிப்தியல் அறிஞர் மார்கரெட் முர்ரே 1921ல் எழுதிய நூலில் இருந்த கொள்கை அது. வரலாற்றாசிரியர்கள் இன்று அதை ஏற்பதில்லை. சடங்குகளில் இன்றும் படிக்கப்படும் நல்ல வரிகள் பலவும் டோரீன் வாலியன்டே என்ற பெண்மணி 1950களில் திருத்தியும் புதிதாகவும் எழுதியவை.

ஆக, இது நம் தாத்தா காலத்து மதம். புதியதென்பதால் பொய்யாகிவிடாது. சாமிதோப்பில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய அய்யாவழியை 'நேற்று வந்தது' என்று நம் குமரி மாவட்டத்தில் யாரும் ஒதுக்குவதில்லையே. ஆனால் 'பத்தாயிரம் ஆண்டு மரபு' என்று தொடங்கும் வீடியோவை அங்கேயே மூடிவிடலாம். '90 லட்சம் சூனியக்காரிகள் எரிக்கப்பட்டார்கள்' என்பதும் அதே ரகம். ஆய்வாளர்கள் தரும் கணக்கு ஏறத்தாழ 40,000 முதல் 60,000 வரை. அதில் ஆண்களும் உண்டு. இங்கிலாந்தில் தண்டனை பெரும்பாலும் தூக்கு.

இரண்டு புத்தகங்கள் என்றேனே, முதலில் ஸ்காட் கன்னிங்ஹாம் 1988ல் தனியாகப் பழகுகிறவர்களுக்காக எழுதிய சிறுநூல். செய்முறை தெளிவு, வரலாறு பலவீனம். அடுத்து வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டனின் 'தி ட்ரையம்ஃப் ஆஃப் தி மூன்' (1999). கனமான புத்தகம். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் பாதியில் வைத்துவிடுவீர்கள். கார்ட்னர் பற்றிய அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் தொடக்கத்துக்குப் போங்கள்.

படிக்கும்போதே வானத்தையும் பாருங்கள். இங்கேதான் நம்மூர்க்காரர் பலரும் தடுக்கி விழுகிறார்கள். விக்காவின் ஆண்டுச்சக்கரம் எட்டுத் திருநாள்களைக் கொண்டது; அவை ஒரே தொகுப்பானது 1950களில். பிரிட்டனின் வெளிச்சத்துக்கும் குளிருக்கும் பொருந்த அமைந்தவை. லண்டனில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். எட்டாவது அட்சரேகையில் இருக்கும் நமக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. டிசம்பர் 21ல் 'சூரியன் திரும்பி வருகிறது' என்று தக்கலை மொட்டைமாடியில் நின்று சொன்னால், அது போனதே உங்களுக்குத் தெரிந்திருக்காது.

திசைகளும் அப்படியே. கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு நிலம் என்பது புத்தகக் கணக்கு. பிரிட்டனில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே. நமக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை அது உச்சிக்கு வடக்கே நிற்கும்; ஒரு குச்சியை நட்டு நிழலைப் பாருங்கள், தெற்கே விழும். தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து அடித்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே போகிறது, கடல் தெற்கிலும் மேற்கிலும், மலை வடக்கில். பிறையும் வேறு: விக்கா சின்னத்தில் அடைப்புக்குறி போல நிமிர்ந்து நிற்பது, இங்கே பெரும்பாலும் தோணி போல மல்லாந்து கிடக்கும். ஆஸ்திரேலியாவில் பலர் திருநாள்களை ஆறு மாதம் தள்ளி, நெருப்பை வடக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். நீங்களும் மாற்றலாம், ஆனால் ஓராண்டு பார்த்த பிறகு.

அதற்குத்தான் நோட்டு. தேதி, நிலவு எழும் நேரம், காற்றின் திசை, மழை, வயலில் என்ன நடக்கிறது: நாளுக்கு நாலு வரி. நிலவு ஒவ்வொரு நாளும் சராசரியாக ஐம்பது நிமிடம் பிந்தி எழும் என்பதைப் படிப்பதைவிட எழுதிப் பார்ப்பது நல்லது. நம் நெல்லின் இரண்டு போகங்களான கன்னிப்பூ அறுப்பையும் கும்பப்பூ அறுப்பையும் குறியுங்கள். ஆகஸ்ட் 1ல் வரும் லூனஸா முதல் அறுவடைத் திருநாள். நம் கோயில்களில் புதுநெற்கதிரைப் படைக்கும் நிறைபுத்தரிசி ஏறக்குறைய அதே சமயத்தில் வருகிறது. இந்த மண்ணில் பொருந்தும் ஒன்று கிடைத்துவிட்டதல்லவா?

சடங்கைத் தொடுவது மூன்றாவது பௌர்ணமிக்குப் பிறகு இருக்கட்டும். மாடியைப் பெருக்குங்கள். நாலரை அடிக் கயிற்றின் ஒரு முனையை நடுவில் பிடித்து, மறுமுனையில் சாக்பீஸ் கட்டிச் சுற்றினால் மரபான ஒன்பதடி வட்டம் வரும். இடமில்லையென்றால் ஆறடி. நாலு திசையிலும் கண்ணாடி டம்ளருக்குள் ஒவ்வொரு அகல். நடுவில் ஒரு கிண்ணம் தண்ணீர், அதில் மூன்று சிட்டிகை உப்பு. மணல் பரப்பிய மண்சட்டியில் கனலும் கரித்துண்டு, அதன்மேல் சாம்பிராணி. உப்புத்தண்ணீரைத் தெளித்து, புகையைக் காட்டி, கிழக்கில் தொடங்கி வலமாக ஒரு சுற்று. நாலு திசைகளையும் உங்கள் சொந்தத் தமிழில் அழையுங்கள். பிறகு நிலவைப் பார்த்து உட்கார்ந்திருங்கள், பத்து நிமிடம் போதும். முடிவில் ஏதாவது தின்று குடிக்கவேண்டும். வைனுக்குப் பதில் இளநீர், கேக்குக்குப் பதில் ஏத்தன்பழம் (நேந்திரம்). அழைத்த திசைகளுக்கு நன்றி சொல்லி அனுப்பி, இடமாகச் சுற்றி வட்டத்தைக் கலையுங்கள். அதேம் என்ற கருப்புப்பிடிக் கத்தி எதையும் வெட்டுவதற்கானதல்ல, வட்டம் காட்டத்தான். சுட்டுவிரல் அந்த வேலையைச் செய்யும்.

முதல் தடவை தாளைப் பார்த்துப் படித்தே நேரம் போய்விடும். ஆகவே நாலு வரிக்கு மேல் எழுதிக்கொள்ளாதீர்கள். பலர் திசைகளை அழைத்துவிட்டு அனுப்ப மறப்பார்கள்; அரைகுறையாக எழுந்து வந்த உணர்வு அதனால்தான். ஆடிக்காற்றில் அகல் நிற்காது, வம்புக்கு நிற்கவேண்டாம். மழைநாளில் அறைக்குள் செய்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடிய அறையில் கரித்துண்டுப் புகை உயிருக்கே ஆபத்து. ஐரோப்பிய மூலிகைப் பட்டியலில் பெல்லடோனா, ஹென்பேன் என்று நச்சுச்செடிகள் வரும். அதற்கு ஈடாக ரோட்டோர ஊமத்தையையோ அரளியையோ தொடவே கூடாது. தின்றாலும் குடித்தாலும் கொல்லும்.

இசக்கி பற்றிக் கேட்டீர்கள். தொலைவிலிருந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும். ஆனால் முப்பந்தலிலோ உங்கள் ஊரிலோ இசக்கிக்குக் குடும்பங்கள் உண்டு, கொடை என்ற திருவிழா உண்டு, வில்லுப்பாட்டில் கதை உண்டு, சாமியாடும் கோமரத்தாடி உண்டு. அவள் குறிப்பிட்ட ஒரு தெய்வம், குறிப்பிட்ட மக்களுக்கு உரியவள். விக்காவின் தேவி கன்னி, தாய், கிழவி என்று மூன்று முகம் கொண்ட பொதுவடிவம். 'டார்க் காடஸ்' என்று இசக்கியை வட்டத்துக்குள் அழைப்பது எனக்கு உவப்பில்லை. கொடைக்குப் போங்கள், பாட்டைக் கேளுங்கள், பெரியவர்களிடம் விசாரியுங்கள். வட்டத்துக்குள் நிலவு போதும்.

குரு என்று யாராவது வந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். கார்ட்னர் மரபில் தீட்சைக்குக் கட்டணம் கிடையாது. ஓராண்டும் ஒரு நாளும் காத்திருக்கச் சொல்வது வழக்கம். பணம் கேட்கிறவரையும், ஆடையில்லாச் சடங்கு மரபில் உண்டு என்று போட்டோ கேட்கிறவரையும் உடனே பிளாக் செய்யுங்கள். வசியம், ஏவல் செய்து தருகிறேன் என்பவர் விக்காக்காரரே இல்லை. 'யாருக்கும் தீங்கில்லையெனில் விரும்பியதைச் செய்' என்பதுதான் அவர்களுடைய அடிப்படை விதி.

'சாவின்' என்பது இறந்தோரை நினைக்கும் நாள். அக்டோபர் கடைசியில் இங்கே வடகிழக்குப் பருவமழை. மாடி சரிப்படாது, ஜன்னலோரம் ஒரு விளக்கு போதும். இரண்டு நாள் கழித்து நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அம்மா மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போவார்கள். கூடப் போங்கள். விக்கா பற்றி அன்றே சொல்லியாகவேண்டும் என்பதில்லை. அவர்களாகக் கேட்டால் நோட்டைக் காட்டுங்கள், நிலவு எழுந்த நேரமும் மழையும்தானே அதில் இருக்கப்போகிறது.