வாசகர் கேள்விகள்: ஆல்கஹாலுக்கு முந்தைய சென்ட்

இந்த முறை வந்ததெல்லாம் சென்ட் பற்றிய கேள்விகள். சோப்பு ஆலையின் ஆய்வகத்தில் முகர்ந்து பார்ப்பதற்கே சம்பளம் வாங்கியவன் நான். அதனால் பதில் கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆல்கஹாலும் ஸ்ப்ரேயும் இல்லாத காலத்தில் ராஜா ராணிகள் என்ன பூசிக்கொண்டார்கள்?

பதில்: எண்ணெயும் கொழுப்பும்தான். பூவின் மணத்துக்குக் காரணமான பொருள்கள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். மெசொப்பொத்தேமியக் களிமண் பலகை ஒன்றில் தப்பூத்தி என்ற பெண்ணின் பெயர் இருக்கிறது. காலம் சுமார் கி.மு. 1200. பூக்கள், கோரைக்கிழங்கு, வெள்ளைப்போளம் ஆகியவற்றைக் கொண்டு அரண்மனைக்கு வாசனைப் பொருள் செய்தவர். பெயர் தெரிந்த முதல் வேதியியலாளர் என்றே பலரும் இவரைச் சொல்கிறார்கள். எகிப்தில் வாசனைப் புகைக்கும் பெரிய மதிப்பு இருந்தது. கைஃபி என்ற கலவையைக் கோயில்களில் எரித்தார்கள். அதில் உலர்திராட்சை, ஒயின், தேன், பிசின்கள் எல்லாம் சேரும். செய்முறையை எட்ஃபூ கோயில் சுவரிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்றைய கம்பெனிகள் பெட்டகத்தில் பூட்டி வைப்பதை அவர்கள் சுவரில் எழுதினார்கள்!

ரோமாபுரியின் எழுத்தாளர் பிளினிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. முத்தும் நகையும் வாரிசுக்குப் போகும், வாசனையோ உடனே பறந்துவிடும், அதுவும் பூசியவருக்கே தெரியாது என்று முதல் நூற்றாண்டில் எழுதினார். கடைசி வரியில் உண்மை இருக்கிறது. ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். என் வேலையில் தினமும் பட்ட பாடு இது.

நீராவியில் காய்ச்சி வடிக்கும் கலையை அரபு, பாரசீக அறிஞர்கள் வளர்த்தார்கள். பன்னீரைக் கண்டுபிடித்தவர் இபின் சீனா என்று எல்லோரும் சொல்வார்கள். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அல் கிந்தி வாசனை காய்ச்சும் முறைகளை நூலாகத் தொகுத்துவிட்டார் என்பதை யாரும் சொல்வதில்லை. அப்புறம்தான் ஐரோப்பாவில் ஆல்கஹால் வந்தது. 1709-இல் கொலோன் நகரில் தொடங்கிய ஃபரினா நிறுவனம் எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமட் வாசனையை அதில் கரைத்து விற்றது. நகரத்தின் பெயரே சரக்குக்கும் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: ரோஜாவைப் போல மல்லிகையையும் காய்ச்சி எடுப்பார்களா?

பதில்: நல்ல கேள்வி. நீராவியின் சூட்டில் மல்லிகையின் மணம் கெட்டுப்போகும். ஆனால் பறித்த பிறகும் மணிக்கணக்காக மணம் விடும் குணம் அதற்கு உண்டு. பிரான்சின் கிராஸ் நகரத்தார் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணாடித் தட்டில் சுத்தமான கொழுப்பைத் தடவி, அதன்மேல் பூக்களை அடுக்குவார்கள். மறுநாள் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ. கொழுப்பு இனி மணத்தை ஏற்காது என்ற நிலை வரும்வரை, வாரக்கணக்கில், இதே வேலை. பிறகு அந்தக் கொழுப்பை ஆல்கஹாலில் கழுவி மணத்தைப் பிரிப்பார்கள். ஆக, பழங்காலத்தவர் நம்பிய அதே கொழுப்புதான் இங்கேயும் கைகொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெட்ரோலியக் கரைப்பான்கள் வந்து இந்த முறையை மெல்ல ஒதுக்கின. தோல் பதனிடும் ஊராக இருந்த கிராஸ் வாசனை ஊரானது கையுறையால்தான். பதனிட்ட தோலின் நாற்றத்தை மறைக்க, கையுறைகளுக்கு மணமூட்டப் போய், கடைசியில் மணமே பிழைப்பாகிவிட்டது.

கேள்வி: விலை உயர்ந்த சென்ட்டில் திமிங்கில வாந்தி கலப்பது உண்மையா?

பதில்: அம்பர்கிரிஸைச் சொல்கிறீர்கள். கணவாய் மீனின் கடினமான அலகுகள் உறுத்துவதால் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் பொருள் அது. வாய் வழியாக வருவதைவிடப் பின்வழியாக வெளியேறுவதுதான் அதிகம் என்று கருதப்படுகிறது, மன்னிக்கவும். புதிதாக வந்தது கறுப்பாக, சாணம் போல நாறும். கடலில் வெயில் பட்டு மிதக்க மிதக்கத்தான் மணம் பிறக்கும். இப்போது பெரும்பாலும் அதன் இடத்தில் அம்ப்ராக்சன் என்ற செயற்கைப் பொருள் இருக்கிறது. கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டும் அதைச் செய்யலாம்.

கேள்வி: செயற்கை வாசனை மட்டமானது என்கிறாள் என் தோழி. சரியா?

பதில்: இல்லை. 1868-இல் வில்லியம் பெர்க்கின் கூமரினை ஆய்வகத்தில் செய்தார். வெள்ளைப் படிகம், காய்ந்த புல்லின் இனிய மணம். முதல்முறை ஜாடியைத் திறந்தபோது நான் மூடவே மறந்தேன். 1882-இல் ஊபிகான் நிறுவனம் அதைச் சேர்த்து 'ஃபூஜேர் ரோயால்' வெளியிட்டது. நவீன சென்ட் அங்கேதான் தொடங்குகிறது என்பேன். 1888-இல் ஆல்பர்ட் பவுர் வெடிமருந்து ஆராய்ச்சியில் இறங்கி, கஸ்தூரி மணம் வீசும் பொருளைக் கண்டுபிடித்தார். கஸ்தூரிக்காக மான்கள் கொல்லப்பட்டு வந்ததை நினைத்தால் செயற்கையை ஏளனம் செய்ய மனம் வராது. 1921-இல் வந்த சனெல் நம்பர் 5-இன் பளிச்சென்ற தொடக்கமும் ஆல்டிஹைடுகள் என்ற செயற்கை வாசனைப் பொருள்களின் வேலை.

கேள்வி: ஓ டி டாய்லெட், ஓ டி பர்ஃபம் என்ன வித்தியாசம்?

பதில்: அடர்த்திதான். வாசனைச் சத்து முன்னதில் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம், பின்னதில் 15 முதல் 20. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எதை வாங்கினாலும் குளியலறையில் வைக்காதீர்கள். வெளிச்சமும் சூடும் முதலில் தின்பது எலுமிச்சை வாசனையைத்தான்.